சுவருக்கு வல்லாரை

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலங்கும், அடுத்து வாய் திறந்துவிடும். இன்றைக்கும் அப்படித்தான். தெருவில் பொலிஸ்காரர் மறித்தால், அவர் லைசென்ஸைக் கேட்கும் முன்பே போன கிழமை சிவப்பு விளக்கில் போனதையும் சேர்த்துச் சொல்லி விடுவேன். வயிற்றைப் பற்றி எழுத இது இடமில்லை. வாய் முதன்முதலாகத் திறந்த கதையை மட்டும் சொல்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம்.

அனெக்ஸ் என்று பெயர்தான் பெரிது. ஓர் அறை, அதற்குப் பக்கத்தில் அறையாக வர நினைத்துப் பாதியில் மனம் மாறிய இன்னொன்று, பின்னால் சமைக்க ஒரு குசினி. முன்வீட்டில் வீட்டுக்காரரும் அவருடைய மனைவியும் மகளும் இருந்தார்கள். வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற தலைமை லிகிதர். என் அப்பா இன்னும் ஓய்வு பெறாத சாதாரண லிகிதர். அக்காவும் நானும் வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிட்டோம். சொந்தம் ஒன்றுமில்லை, வாடகைக்கு இருக்கிற பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார்.

எங்கள் அறையின் மேற்குச் சுவர் நனைந்திருந்தது. மழை பெய்தால் நனைந்தது, பெய்யாவிட்டாலும் நனைந்தது. முதலில் சாம்பல் நிறமாக ஒரு திட்டு. பிறகு அது பச்சையானது. மார்கழியில் கறுத்து, ஓரங்களில் பஞ்சு முளைத்தது. பூஞ்சணம் சுவரோடு நிற்கிற சாதி இல்லை. வெள்ளிக்கிழமை கழற்றி வைத்த சப்பாத்து திங்கட்கிழமை தாடியோடு நிற்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருக்கிறவன் அடிக்கடி மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பான், செத்த எலி ஏதும் கிடக்கிறதா என்று. நானும் அவனோடு சேர்ந்து குனிந்து தேடுவேன்.

இந்த ஈரத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. அப்பா ஒருநாள் சாப்பிடும்போது விளக்கினார்.

“வெளியால வந்த ஈரமெண்டால் வீட்டுக்காரன்ர பொறுப்பு. உள்ளுக்கிருந்து வந்த ஈரமெண்டால் இருக்கிறவன்ர பொறுப்பு. அவ்வளவுதான்.”

“அப்ப நேர போய்ச் சொல்லுங்கோவன்,” என்றார் அம்மா.

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையில், அரசாங்க சேவையில் இல்லாதவர்கள் மீது அவருக்கு இருந்த இரக்கம் முழுவதும் இருந்தது.

ஏனென்றால் சுவர் என்பது வாயால் கதைக்கிற விஷயம் இல்லை. அது எழுத்தில் வரவேண்டியது. அப்பாவும் வீட்டுக்காரரும் தினமும் பின்னேரம் முன்வீட்டு விறாந்தையில் இருந்து ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வாசிப்பார்கள். ஒருவரையொருவர் ஐசே என்று கூப்பிட்டு அரசியல் கதைப்பார்கள், கிரிக்கெட் கதைப்பார்கள், முன்னாள் மேலதிகாரிகளை ஒருவர் பின் ஒருவராகத் திட்டுவார்கள். சுவரைப் பற்றி ஒரு சொல் வராது. அது வேறு துறை. சுவருக்கு அப்பா ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, கடித உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, காலி வீதி தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கே வருவார். இரண்டு வீட்டுக்கும் வாசலில் ஒரே கேற். ஒரு கையால் முன்வீட்டுக் கடிதத்தையும் மறு கையால் எங்கள் கடிதத்தையும் நீட்டிவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் கோபமா?” என்று ஒருதரம் கேட்டார். கேற்றடியில் ஒன்றாக நின்று கதைத்துக்கொண்டிருந்த இருவரும் ஒரே குரலில், “சீச்சீ!” என்றார்கள்.

வீட்டுக்காரரின் பதில்களை அவருடைய மகள் தட்டச்சில் அடித்துக் கொடுப்பார். அவர் ஒரு கம்பெனியில் தட்டெழுத்தாளர். பின்னேரத்தில் முன்வீட்டிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால், நாளை மறுநாள் எங்களுக்குக் கடிதம் இருக்கிறது என்று அம்மா சொல்லிவிடுவார்.

அந்தப் பதில்களின் சாரம் இதுதான்: என் சுவர் நல்ல சுவர். நீங்கள் குடிவரும்வரை அது நனைந்ததில்லை. அறைக்குள் ஈர உடுப்புக் காயப்போடுவதாலும், குசினிக் கதவைத் திறந்து வைத்து அவிப்பதாலும், மேற்கு யன்னலைப் பூட்டிவிட்டு நான்கு பேர் இரவு முழுவதும் மூச்சு விடுவதாலுமே இந்த ஈரம் உண்டாகிறது. அக்கா இதை மொழிபெயர்த்துச் சொன்ன அன்று, நான் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

யன்னல் விஷயத்தில் அப்பாவால் சரியாகப் பதில் எழுத முடியவில்லை. அந்த யன்னலைத் திறந்தால் எதிரே தண்ணீர்க் குழாயடி. காலை ஏழரைக்கு வீட்டுக்கார மாமா அங்கே ஒரு துண்டோடு குளிப்பார். துண்டு அவருக்கு இரண்டு அங்குலம் போதாது. அம்மா அதற்காகத்தான் யன்னலைப் பூட்டினார். இதை ஆங்கிலத்தில் எழுத அப்பா மூன்று இரவுகள் முயன்றார். “காலை வேளைகளில் நிலவும் சில தவிர்க்க முடியாத காட்சிகளை முன்னிட்டு” என்ற பொருளில் ஒரு வசனம் எழுதி, வெட்டி, பிறகு யன்னல் பற்றிய பந்தியையே விட்டுவிட்டார்.

அடுத்து வந்த கடிதத்தில் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வைக்க வேண்டும், காற்றோட்டத்துக்காக. அப்பா அடிமட்டம் வைத்து அளந்து தள்ளி வைத்தார். என் அழிவு அந்த நான்கு அங்குலத்தில் ஆரம்பித்தது.

அம்மா எங்களுக்கு ஒவ்வொரு காலையும் வல்லாரைச் சாறு தருவார். சந்தையில் வாங்கி, இடித்து, பிழிந்து, ஆளுக்கு ஒரு தம்ளர். ஞாபகசக்திக்கு நல்லது, மூளை வளரும் என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுவாள். எனக்கு அதன் மணமே தொண்டையில் கையை வைத்துத் தள்ளும். அலுமாரிக்குப் பின்னால் வசதியாக ஒரு சந்து திறந்தபோது நான் என்ன செய்திருப்பேன் என்று ஊகிக்க உங்களுக்கு வல்லாரை தேவையில்லை. அக்கா பக்கத்தில் இல்லாத நாள் பார்த்து, தம்ளரைச் சந்துக்குள் கவிழ்த்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன். எல்லாமாக ஒரு பத்துத் தரம் இருக்கும்.

ஒருநாள் சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். சுவர் பச்சையாக இருந்தது. வல்லாரையும் பச்சை. சுவர் பச்சையானது என்னால்தான் என்று முடிவுகட்டினேன். சுவர் எனக்கு முன்பே நனைந்திருந்தது, அதனால்தான் அலுமாரியே தள்ளி வைக்கப்பட்டது என்பது என் மூளையில் பட்டிருக்க வேண்டும். ஆனால் மூளைக்கான மருந்தை நான் சுவருக்கல்லவா கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்கிருந்து வந்த ஈரம். இருக்கிறவன்ர பொறுப்பு. அப்பா சொன்ன சட்டம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது.

அதே நாட்களில் முன்வீட்டு மாமி குசினிக் கதவடிக்கு வந்து அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். மகளுக்கு ஒரு இடம் பேசிவருகிறது, மாப்பிள்ளை எஞ்சினியர், ஆனால் “அவையள் கொழும்பில வீடு கேக்கினம்.” சீதனமாகக் கொடுக்க அவர்களிடம் இருந்த ஒரே வீடு நாங்கள் இருந்த இடம்தான். மாமி போனபிறகு அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். “வீட்டை விட்டு எழும்பச் சொல்லினமோ?” என்று அப்பாவைக் கேட்டார்.

“சும்மா எழுப்ப ஏலாது. சட்டம் எங்கட பக்கம். ஒரு காரணம் வேணும்.”

“அந்தப் பிள்ளையைக் கேட்டவையோ, அவளுக்கு விருப்பமோ எண்டு?”

“அதை ஏன் என்னட்டக் கேக்கிறீர்?” என்றார் அப்பா.

எனக்கு அவர்கள் கதைத்ததில் காரணம் என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. அக்காவிடம் போய், யாரோ ஒருத்தருக்காகக் கேட்பது போல, வாடகை வீட்டுச் சுவரைப் பழுதாக்கினால் என்ன நடக்கும் என்று கேட்டேன். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. தெரியாது என்ற சொல்லை அவள் அன்றுவரை பாவித்ததில்லை.

“சட்டி பானையெல்லாம் தூக்கிக் காலி வீதியில எறிவினம். பழுதாக்கின ஆளைப் பொலிஸ் கொண்டு போகும்.”

“சின்ன ஆளெண்டால்?”

“சின்னப் பொலிஸ் வரும்.”

இதை நம்பினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. நம்பினேன். இரண்டு நாள் ஒழுங்கையில் என் உயரத்தில் யாராவது காக்கிச் சட்டையோடு வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாரணர் இயக்கப் பையன் ஒருவன் வந்தபோது கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன்.

பிறகு தடயத்தை அழிக்கத் தீர்மானித்தேன். அக்காவின் முகப் பவுடர் டின் ஒன்று இருந்தது. கையை நீட்டக்கூடிய தூரம்வரை, பச்சைத் திட்டின்மேல் அதைத் தட்டிப் பூசினேன். ஈரச் சுவர் பவுடரைக் குடித்து, களியாக்கி, வழியவிட்டது. இப்போது திட்டுப் போகவில்லை, ரோசாப்பூ மணமும் சேர்ந்துவிட்டது. அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். அந்தக் கிழமைக் கடிதத்தில், மேற்படி சுவரிலிருந்து தற்போது வாசனையும் வெளிப்படுகிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுதினார்.

வீட்டுக்காரருக்கு அதோடு பொறுமை போய்விட்டது. கல்லும் சாந்தும் தெரிந்த, நடுநிலையான ஒரு மேசன் பாஸைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டுவோம், அவர் சொல்வதை இருவரும் ஏற்போம் என்று எழுதினார். அப்பா சம்மதித்து எழுதினார். சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்று இரண்டு கடிதத்திலும் உறுதியானது.

அன்று காலை நான் அலுமாரிக்குப் பக்கத்திலேயே காவல் நின்றேன். பாஸ் வந்தார். கிருலப்பனையிலிருந்து சைக்கிளில் வந்த, மெலிந்த, வெற்றிலை போட்ட சிங்களவர். தமிழ் அவருக்கு வேலைக்குப் போதுமான அளவு தெரியும். வீட்டுக்கார மாமா வெள்ளை வேட்டியோடு, கையில் ஒரு கோப்போடு வந்தார். இரண்டு வருடக் கடிதங்கள் தேதி வாரியாக, நூல் கட்டி, மொறுமொறுவென்று இருந்தன. அப்பா தன் கோப்பை எடுக்க அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தார். ஈரம் பற்றிய அத்தாட்சிகள் முழுவதையும் அவர் ஈரச் சுவருக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருந்தார். கோப்பு இடியப்பத் தட்டுப் போல ஒரே துண்டாக வந்தது. ஒரு கடிதத்தைப் பிரிக்க முயன்றபோது நான்கு கடிதங்கள் சேர்ந்து கிழிந்தன.

“இதுவே சாட்சிதானே ஐசே,” என்று அப்பா அதை அப்படியே நீட்டினார். மாமா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அலுமாரியை இழுத்தார்கள். பாஸ் குந்தியிருந்து, சாந்துக் கரண்டியின் நுனியால் சுவரைச் சுரண்டினார். பச்சையும் வெள்ளையுமாகக் கொஞ்சம் கையில் விழுந்தது. அதை முகர்ந்தார். புருவத்தை உயர்த்தினார். பிறகு, நான் கனவிலும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

ருசி பார்க்கிறார்! உலகத்தில் எதையும் மறைக்கலாம், வல்லாரையின் ருசியை மறைக்க முடியாது. அது எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. பாஸ் சப்புக்கொட்டினார். இன்னொருதரம் தொட்டு வைத்தார். பிறகு தலையைத் திருப்பி நேரே என்னைப் பார்த்தார். உண்மையில் எனக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்திருக்கிறார், துப்புவதற்கு இடம் தேடி.

“நான்தான் ஊத்தினனான்!” என்று கத்தினேன். “வல்லாரையை நான்தான் ஊத்தினனான்! பவுடரும் நான்தான்! அம்மாவைக் காலி வீதியில எறியாதேங்கோ!”

பாஸ் துப்ப மறந்து என்னைப் பார்த்தார். பிறகு மாமாவின் முகம் மலர்ந்தது. “பாத்தீரே ஐசே! இரண்டு வருஷமா நான் எழுதினதென்ன? உள்ளுக்கிருந்து!” என்று கோப்பைத் தட்டினார். அப்பாவின் கை என் காதைக் கண்டுபிடித்தது.

பாஸ் மட்டும் தலையை ஆட்டினார். “பிள்ளை ஊத்தினது இல்லே மாத்தையா. இது உப்பு. கட்டின நாள் கடல் மண்ணு போட்டுக் கட்டியிருக்கு. இந்தச் சுவரு எப்பவும் தண்ணி இழுக்கும்.” கரண்டியால் மூன்று இடத்தில் தட்டிக் காட்டினார். மூன்று இடத்திலும் பொதுபொதுவென்று சத்தம் வந்தது. “சாந்து எல்லாம் கொத்தி எடுக்கணும். கல்லும் மாத்தணும். ரெண்டு மாசம் வேலை. ஆக்கள் உள்ளுக்க இருக்க ஏலாது.”

அப்பாவின் முகத்தில் வெற்றி ஒரு கணம் வந்தது. இரண்டு வருடமாக அவர் எழுதியதுதானே இது. பிறகு கடைசி வசனம் அவருக்கு உறைத்தது. இரண்டு மாதம் எழும்பிப் போக வேண்டும். வீடு திருத்துவதற்காக எழும்பிப் போன குடும்பம் திரும்பி வந்ததாக வெள்ளவத்தையில் சரித்திரம் இல்லை. அவர் மாமாவைப் பார்த்தார். மாமாவும் அதே இடத்துக்கு அதே நேரத்தில்தான் வந்து சேர்ந்திருந்தார். தேடிய காரணம் சுவருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

என் காது விடுபட்டது. அப்பாவின் கை என் தலையைத் தடவியது.

“பாஸ், நல்லாப் பாருங்கோ. பிள்ளை ஒப்புக்கொள்ளுறானே. இது சாறு. தம்பி, சொல்லு ராசா, எத்தினை நாள் ஊத்தினனீ?”

“பத்து நாள் அப்பா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. பயப்பிடாத. ஒவ்வொரு நாளுமோ?”

அந்தக் குரலில் அப்பா என்னோடு தேர்வுக்கு முன்னால்தான் கதைப்பார். “ஓம், ஒவ்வொரு நாளும்,” என்றேன்.

“விசர்க்கதை ஐசே!” மாமா குறுக்கே வந்தார். “சின்னப் பிள்ளை. தங்கமான பிள்ளை. ஒரு தம்ளர் சாறால சுவர் பழுதாகுமே? பாஸ் உப்பெண்டால் உப்புத்தான். என்ர சுவர், என்ர பொறுப்பு. நானே இடிச்சுக் கட்டித் தாறன்.”

“அது சரிவராது. பிள்ளை செய்த பிழைக்குத் தகப்பன்தான் பொறுப்பு. நான் இண்டைக்கே சுண்ணாம்பு அடிச்சு விடுறன்.”

“நீர் ஏன் ஐசே செலவழிக்க வேணும்?”

“என்ர மனச்சாட்சி கேக்காது.”

பாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குற்றம் தன்னுடையது என்று இரண்டு பேர் சண்டை பிடிக்கும் வீட்டுக்கு அவர் அதற்குமுன் போயிருக்க மாட்டார். கரண்டியைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார்.

தேத்தண்ணியோடு வந்த அம்மாவுக்கு இந்த வழக்கில் எந்தப் பக்கமும் இல்லை. அவர் கேட்டது ஒன்றைத்தான்: “நான் விடிய எழும்பி இடிச்ச சாறை, நீ சுவருக்கே குடுத்தனீ?” தட்டை வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தார். அப்பா இடையில் விழுந்து தடுத்தார். மாமாவும் தடுத்தார். என்னை அடிப்பது இருவருடைய வழக்கையும் பாதிக்கும் போல. ஒரு குற்றவாளிக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததை நான் அதன்பின் தேர்தல் காலங்களில்தான் கண்டிருக்கிறேன்.

அன்று மத்தியானமே அப்பா அந்தப் பாஸைக்கொண்டு சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பித்தார். ஒரு தம்ளர் சாற்றுக்காக எந்த நீதிபதியும் ஒரு குடும்பத்தை எழுப்ப மாட்டார், சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது, இனி யார் என்ன செய்ய முடியும் என்று அம்மாவுக்குச் சொன்னார். கையோடு ஒரு கடிதமும் எழுதினார். மேற்படி ஈரத்துக்கு என் மகனே முழுக் காரணம், அதை நானும் அவனும் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறோம். கீழே என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் முதலில் கையெழுத்திட்ட ஆங்கிலக் கடிதம் அது. தபால் பெட்டிக்கு நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

நான்கு நாள் முன்வீட்டில் டக் டக் சத்தம் வரவில்லை. ஐந்தாம் நாள் பின்னேரம், நான் கேற்றில் ஏறி ஆடிக்கொண்டிருந்தபோது, மாமா விறாந்தையிலிருந்து கூப்பிட்டார். மடியில் எங்கள் கடிதம் திறந்து கிடந்தது. என்னைப் பக்கத்தில் இருத்தி, ஒரு பிஸ்கட் தந்தார். அவருடைய மகள் உள்ளே, கதவுக்குச் சற்று அப்பால், வேலையால் வந்த சேலையோடு நின்றார்.

“தம்பி, கோயில்ல சொல்லுற மாதிரி மாமாவுக்கு உண்மை சொல்லு,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “கொப்பர் சொல்லித்தானே அப்படிச் சொன்னனீ? கொஞ்சமாத்தானே ஊத்தினனீ? அஞ்சாறு தரம். ஆ? அப்பதான் மாமா சுவரை இடிச்சுக் கட்டலாம்.”

பத்து என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த நான்கு நாளில் நான் பெரிய ஆளாகியிருந்தேன். ஒரு சுவரையே சாய்த்தவன் என்று ஒழுங்கைப் பெடியன்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அதைப் பத்துத் தம்ளருக்கு விற்க மனம் வரவில்லை.

“இல்லை மாமா. ஒவ்வொரு நாளும் ஊத்தினனான். அக்கான்ர பங்கையும் சேர்த்து ஊத்தினனான். குடிவந்த நாள் தொடக்கம்.”

மாமா கடிதத்தை மடித்தார். பிறகு விரித்தார். பிறகு திரும்ப மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தார். அவர் என்னை நம்பிவிட்டார் என்றுதான் எனக்குப் பெருமையாக இருந்தது.

உள்ளே மாமாவின் மகள் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாத சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. வெளியே வந்து, பிஸ்கட் டின்னை அப்படியே என் கையில் வைத்து, என் கன்னத்தைக் கிள்ளினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கேட்ட வீடு கிடைக்காது என்று தெரிந்த எஞ்சினியர் மாப்பிள்ளையின் ஆட்கள் அதன்பிறகு அந்த ஒழுங்கைப் பக்கம் வரவேயில்லை. நானோ, என் குழப்படியை மெச்சத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான் என்று நினைத்துக்கொண்டு, டின்னோடு வீட்டுக்கு ஓடினேன்.